குணமாக மனதுண்டா?

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: நீதிமொழிகள் 23:29-35, யோவான் 5:1-9



இந்த மாதப் பாடம் குடியைப் பற்றியது. இதைப் பார்த்ததும், "இது வெளியில இருக்கிறவங்களுக்கு, நமக்கில்லை" என்று சிலர் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். திருப்பாதிருங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் சகோதரிகள் எழுதிப் போடுகிற ஜெபக்குறிப்புச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கிற எந்த ஊழியரைக் கேட்டாலும் சொல்லுவார். கடன், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்ற விண்ணப்பங்களுக்கு நடுவே "வீட்டுக்காரர் குடியிலிருந்து விடுதலையாக" என்ற வரி இல்லாத வாரமே கிடையாது. இன்னொரு கூட்டமும் நம்மிலே உண்டு. ஞானஸ்நானம் எடுத்தவர்கள், காணிக்கை கொடுக்கிறவர்கள், கைதட்டிப் பாடுகிறவர்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி நடந்தது ஞாயிறு காலையில் தெரியக்கூடாது என்று ஏலக்காயை மென்றுகொண்டு பின்வரிசையில் வந்து உட்காருகிறவர்கள். இந்தப் பாடம் முதலாவது அவர்களுக்காக எழுதப்படுகிறது. வெட்கப்படுத்துவதற்காக அல்ல. வெட்கம் அவர்களிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்த வெட்கத்தை மறக்கத்தான் மறுபடியும் கடைக்குப் போகிறார்கள்.

"நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?"

குடிக்கிற யாரிடமாவது பேசிப்பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தன்னைவிட மோசமான ஒருவர் தெரிந்திருப்பார். வாரத்துக்கு ஒருநாள் குடிக்கிறவர் தினமும் குடிக்கிறவரைக் காட்டுவார். தினமும் குடிக்கிறவர் காலையிலேயே குடிக்கிறவரைக் காட்டுவார். காலையில் குடிக்கிறவரோ, ரோட்டோரம் விழுந்து கிடக்கிறவரைக் காட்டி, "அவன்தான் குடிகாரன், நான் சம்பாதிச்சுக் குடிக்கிறேன்" என்பார். காரணத்துக்கும் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு உடம்பு வலி. சிமெண்ட் லாரி ஓட்டுகிறவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போனால் சந்தோஷத்துக்கு, போகாவிட்டால் துக்கத்துக்கு. மக்காச்சோளம் அறுத்த கூலி கைக்கு வந்தால் அதற்கு ஒன்று.

இன்னும் சிலர், "நான் கடைச் சரக்குதானே குடிக்கிறேன், கள்ளச்சாராயமா குடிக்கிறேன்?" என்கிறார்கள். 2024 ஜூன் மாதம் நமக்கு வடக்கே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தெருவெல்லாம் பிணம் என்று தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தோம். பயந்தது நியாயம். ஆனால் சீல் வைத்த பாட்டிலால் கல்லீரல் வீங்கி, மஞ்சள் காமாலை வந்து, வயிற்றில் நீர் கோர்த்து, ஒருவர் பத்துப் பதினைந்து வருஷமாகச் சாகிறபோது எந்தத் தொலைக்காட்சியும் வருகிறதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே அறிவித்துவிட்டது. 2023 ஜனவரியில் அதே நிறுவனம், உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது.

அளவைக் கேட்கிறவர்களுக்கு அளவையும் சொல்லிவிடுகிறேன். 180 மில்லி பிராந்தி, அதாவது ஒரு குவார்ட்டர், அதில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்று கணக்கிடுகிறது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான் பிரதர்" என்று நாம் சொல்லுகிறோமே, அந்த ஒன்றிலேயே கோட்டைத் தொட்டாயிற்று. உடம்பு அதை வெளியேற்றுவதோ மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவருக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குக்கூட இரத்தத்தில் அது மிச்சம் இருக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. விடிகாலையில் லோடு ஏற்றி ஜெயங்கொண்டம் ரோட்டில் வண்டி ஓட்டுகிற சகோதரர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

அளவை இவ்வளவு சொன்னாலும், நோயைக் காட்டிக்கொடுக்கிறது அளவு மட்டும் அல்ல.

வேதம் காட்டுகிற அடையாளம்

நீதிமொழிகள் 23-ம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எத்தனை லிட்டர் என்ற பேச்சே அங்கே இல்லை. சண்டை, புலம்பல், காரணம் தெரியாத காயம், கண் சிவப்பு என்று தொடங்குகிறது. குவளைக்குள் அது மினுங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனைக் காட்டுகிறது. பிறகு பாம்பின் கடி. பிறகு கண்ணுக்கு விபரீதமான காட்சிகள் தெரிவதையும், நடுக்கடலில் கப்பலின் பாய்மர உச்சியில் படுத்திருப்பவனைப்போல் தலை சுற்றுவதையும் சொல்லுகிறது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைசி வசனத்தில்தான் நோய் தெரிகிறது. அவனை அடித்திருக்கிறார்கள், அவனுக்கு உறைக்கவில்லை. அப்படியிருந்தும் விழித்ததும் அவன் தேடப்போவது அதையேதான். உதை வாங்கின பிறகும் தேடுகிறான். இதுதான் அடையாளம். குடியால் நஷ்டம் வந்தது கண்ணுக்கு முன்னால் தெரிந்தும், அந்த நஷ்டம் அவரை நிறுத்தவில்லை என்றால், அங்கே பழக்கம் என்கிற வார்த்தை போதாது. மருத்துவர்கள் அதைக் குடிநோய் என்கிறார்கள். அடிமைத்தனம் என்று நாம் பிரசங்கிக்கிறதும் அதைத்தான்.

சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு சந்தர்ப்பம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. 2020 மார்ச் 24 சாயங்காலம் ஊரடங்கு தொடங்கி டாஸ்மாக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. மே 7 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். அந்த ஆறு வாரம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, மறந்தே போனார்கள். சிலருக்கு இரண்டாம் நாளே கை நடுங்கி, வேர்த்து, தூக்கம் போய்விட்டது. சிலர் நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மீனவர்கள் மூன்று பேர், சவரம் செய்தபின் முகத்தில் தடவுகிற லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்துபோனார்கள். அது விஷம் என்பது தெரியாதவர்களா? உடம்பு கேட்டது, கேட்டதை மறுக்க அவர்களிடம் பலமில்லை. அந்த நாட்களில் நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நான்கு கேள்விகள்

அமெரிக்காவில் ஜான் ஈவிங் என்ற மனநல மருத்துவர் நோயாளிகளிடம் கேட்பதற்காக நான்கு சின்னக் கேள்விகளை உண்டாக்கி 1984-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்றைக்கும் உலகமெங்கும் மருத்துவர்கள் அதைக் கேட்கிறார்கள். நம்முடைய பேச்சில் சொன்னால் இப்படி வரும். குடியைக் குறைச்சுக்கணும்னு எப்பவாவது நினைச்சதுண்டா? நீ குடிக்கிறதைப் பத்தி யாராவது பேசினா எரிச்சல் வருதா? குடிச்சதை நினைச்சு மனசு உறுத்தியிருக்கா? காலையில எழுந்ததும் நடுக்கம் நிக்க, உடம்பு நிதானத்துக்கு வர ஒரு வாய் ஊத்தியிருக்கியா?

இரண்டுக்கு "ஆமாம்" என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய காரியம் என்று எடுத்துக்கொள்ளுகிறார்கள். விசுவாசிகளாகிய நமக்கு மூன்றாவது கேள்வி சீக்கிரமே "ஆமாம்" ஆகிவிடும். ஒரு தரம் தொட்டாலே மனச்சாட்சி குத்தும். அதனால் மற்ற மூன்றையும் நன்றாகக் கவனியுங்கள். நாலாவது மட்டும் "ஆமாம்" என்றாலும் அதுவே பெரிய எச்சரிப்பு. அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில் பேதுரு என்ன சொல்லித் தன் கூட்டத்தாரைக் காப்பாற்றினார்? பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதானே ஆயிற்று என்றார். நம் கணக்கில் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் யாரும் குடித்திருக்கமாட்டார்கள் என்பது எருசலேமில் எல்லாரும் ஒத்துக்கொண்ட காரியம். நம்முடைய ஊரில் இன்றைக்குப் பேதுரு அப்படிச் சொன்னால் எடுபடுமா? கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது, ஆனாலும் முந்தின ராத்திரியே வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீமோத்தேயுவைக் கொண்டுவருகிறவர்கள்

இந்த இடத்தில் யாராவது ஒருவர் 1 தீமோத்தேயு 5:23-ஐக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். மற்ற வசனம் ஒன்றும் மனப்பாடம் இராது. இது மட்டும் இருக்கும். பவுல் யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்காத ஒரு வாலிப ஊழியருக்கு, அடிக்கடி வருகிற வயிற்றுக் கோளாறுக்காக, கொஞ்சம் என்று எழுதினார். மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு விருந்து நடத்தக்கூடாது. அதோடு, அந்த வசனத்தைக் காட்டுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "பிரதர், உங்களாலே அந்தக் கொஞ்சத்தோட நிறுத்த முடியுதா?" பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

குறைப்பதா, விடுவதா?

இப்போது யோவான் 5-ம் அதிகாரத்துக்கு வருவோம். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்த மனுஷனைப் பார்த்து, குணமாக உனக்கு மனதுண்டா என்ற கேள்வியை ஆண்டவர் கேட்கிறார். வியாதிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்கு விருப்பம் இராதா? ஆனால் அவன் சொன்ன பதிலைப் பாருங்கள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைத் தூக்கிவிட ஆள் இல்லை, எனக்கு முன்னே இன்னொருவன் இறங்கிவிடுகிறான் என்று காரணம் சொன்னான். குடிக்கிறவரிடம் கேட்டாலும் இதே பதில்தான். "கடையை மூடச்சொல்லுங்க, நான் விட்டுடறேன்." கடையை மூடவேண்டும் என்று நானும் ஜெபிக்கிறேன். அதற்காகப் போராடின காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரைவிட்டார். 2016, 2017, 2023 ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடவும் மூடினார்கள். இருந்தும் கடை இருக்கிறது. அரசாங்கம் தீர்மானம் எடுக்கிறவரைக்கும் உங்கள் கல்லீரல் காத்திருக்காது.

மனதுண்டா என்று கேட்டால் உண்மையான பதில் பல நேரங்களில், "பாதி மனசு உண்டு, பாதி இல்லை" என்பதுதான். அதைச் சொல்லப் பயப்படாதிருங்கள். ஒரு நோட்டை எடுத்து, விட்டால் என்ன போகும் என்று எழுதுங்கள். கூட்டாளிகள் போவார்கள். முதல் சில வாரம் தூக்கம் போகும். வேலைத்தளத்தில் "என்னடா சாமியாராயிட்டியா" என்பார்கள். இதெல்லாம் உண்மையான நஷ்டம். இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அடுத்த பக்கத்தில், விடாவிட்டால் என்ன போகும் என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு 54,750 ரூபாய். மகளுடைய காலேஜ் பீஸ் அதற்குள் இருக்கிறது. எழுதி முடித்தபின் அந்த நோட்டை மனைவியிடம் கொடுத்து, விட்டுப்போனதை எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதுகிற பக்கம்தான் நீளமாயிருக்கும்.

"முழுசா விடணுமா, குறைச்சுக்கிட்டாப் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு: மேலே சொன்ன நாலாவது கேள்விக்கு ஆமாம் என்றவருக்கும், பலதரம் குறைக்கப் பார்த்துத் தோற்றவருக்கும் குறைத்தல் என்று ஒரு வழி நடைமுறையில் இல்லை. முதல் கிளாஸ் இரண்டாவதைக் கூப்பிடும். மற்றவர்கள், நடுக்கம் ஒன்றும் இல்லாதவர்கள், முப்பது நாள் தொடாமல் இருந்து பாருங்கள். நடுவில் ஒரு காதுகுத்து, ஒரு சாவு, ஒரு சம்பள நாள் வரட்டும். தாண்டமுடியவில்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. தாண்டினீர்கள் என்றால், பிறகு எதற்காக அதற்குத் திரும்பிப் போகிறீர்கள்?

ரேகாபியரை நினைத்துக்கொள்ளுங்கள் (எரேமியா 35). ஆலயத்து அறையில், எரேமியா தீர்க்கதரிசியே குடங்களையும் கிண்ணங்களையும் முன்னே வைத்தார்; அவர்கள் தொடவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்தார்களா? இல்லை. அது தகப்பன் காலத்திலேயே தீர்மானமாகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தபின் யோசிக்கிறவர் குடித்துவிடுவார். பதிலை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் ஆபத்து

சபையார் எல்லாரும், விசேஷமாய் மூப்பர்களும் ஜெபக்குழுத் தலைவர்களும், இந்தப் பகுதியைக் கவனமாய் வாசிக்கவேண்டும். இதை அறியாததினால் உயிர் போகக்கூடும்.

வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு அதைத் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊருகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார்கள். காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இதில் மரணம் உண்டு.

இப்போது நம்முடைய வழக்கத்தை யோசியுங்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அழுது, இனித் தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணுகிறார். சந்தோஷத்தில் நாம் அவரை மூன்று நாள் உபவாசத்தில் உட்காரவைக்கிறோம். சாப்பாடில்லை, சிலவேளை தண்ணீருமில்லை. ஞாயிறு ராத்திரி அவர் நடுங்கி, இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார். உடனே பத்துப்பேர் சுற்றி நின்று, "வெளியே போ" என்று சத்தமிடுகிறோம். பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை; துரத்துகிற அதிகாரத்தையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வந்திருக்கிறது மருத்துவமனை வியாதி. சீலோவிலே அன்னாள் உதடு அசைய ஜெபித்தபோது ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறிகொண்டவள் என்று நினைத்தார். ஆசாரியனுக்கே கண் தவறாய்ப் பார்த்தது என்றால் நமக்குத் தவறாதா?

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சொல்லுகிறவர்கள் ஏசாயா 38:21-ஐப் பாருங்கள். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக்கொடுக்கப்பட்டது ஜெபத்தினாலே. அப்படியிருந்தும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் அதே தீர்க்கதரிசிதான். எலியா சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தேவதூதன் வந்து முதலாவது என்ன செய்தான்? அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிக் கொடுத்தான். ஓரேபில் தேவன் பேசினது அதற்குப் பிறகு. நடுங்குகிறவருக்கும் அதே ஒழுங்குதான். உபவாசத்தைச் சபை எடுத்துக்கொள்ளட்டும், அவர் சாப்பிடட்டும்.

தினமும் குடிப்பவர், காலையில் குடிக்காமல் எழும்பமுடியாதவர், முன்பு ஒருதரமாவது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர் இவர்கள் வீட்டிலே நிறுத்திப்பார்க்கக்கூடாது. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் தொடங்கின அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்சிக்குப் போகிறவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவரைக் கேளுங்கள். வெட்கப்படாமல் உண்மையான அளவைச் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்குகிற மாத்திரையைப் படிப்படியாய்க் குறைத்துக் கொடுப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டம் தாண்டிவிடும். ஊருக்குள்ளே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்காதிருங்கள். பி1 சத்து இல்லாமல் குளுக்கோஸ் மாத்திரம் ஏற்றினால் நாள்பட்ட குடிநோயாளிக்கு மூளை பாதிக்கப்படலாம். எந்த டாக்டரானாலும் "இவர் குடிக்கிறவர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணிலோ, மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலோ கேட்கலாம். வலிப்பு வந்தால் யாரையும் கேட்கவேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை

பஸ் ஸ்டாண்டு சுவர்களில், "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சாம்பாரில் கலக்கிற பொடி. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்பிராம் என்ற உண்மையான மருந்து ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர் அதை நோயாளிக்குச் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு, பரிசோதித்துக் கொடுக்கிறார். தெரியாமல் கலந்துகொடுத்துக் கணவனைப் பறிகொடுக்காதிருங்கள்.

இரண்டாவது, அபிகாயிலைக் கவனியுங்கள் (1 சாமுவேல் 25). நாபால் ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் வெறித்திருந்தான். தலைக்குமேல் ஆபத்து வந்து போயிருக்கிறது; ஆனாலும் அந்த ராத்திரி அவள் ஒன்றும் பேசவில்லை. விடிந்து, வெறி தெளிந்த பிறகுதான் சொன்னாள். குடித்து வந்தவரிடம் ராத்திரி பதினொரு மணிக்கு வழக்கு நடத்தினால் அடிதான் மிஞ்சும். காலையில், தெளிந்த முகத்தில், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து பையன் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சான்." அவருக்காக முதலாளியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதிருங்கள். அடிக்கிறவராயிருந்தால் பொறுத்துக்கொள்ளுவதே ஆவிக்குரிய காரியம் என்று யார் சொன்னாலும் கேட்காதிருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

சபை என்ன செய்யவேண்டும்?

1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற வியாபாரி ஒரு ஓட்டலில் தனியாக நின்றிருந்தார். வியாபாரம் தோற்றுப்போயிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். அவர் அங்கே போகாமல், ஓட்டல் சுவரில் இருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் பண்ணினார். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் தான் தப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்த இருவரிலிருந்து தொடங்கினதே இன்று உலகமெங்கும் நடக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். நம்முடைய நாட்டிலும் நடக்கிறது. பணம் வாங்குவதில்லை, பெயரை வெளியிடுவதில்லை.

நம் தமிழ்நாட்டில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியில், நோயாளிகளைச் சென்னைக்கு வரச்சொல்லாமல் தாங்களே போய்க் கிராமத்திலேயே முகாம் நடத்தினார்கள். ஊரார் சேர்ந்து நின்று, மனைவிமாரையும் உட்காரவைத்து நடத்தின சிகிச்சை அது. நமக்கு ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ஜெபவீடு இருக்கிறது, பாய் இருக்கிறது, சமைக்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். மருத்துவரை அழைத்து வந்து மாதத்துக்கு ஒருநாள் உட்காரவைக்க நமக்கு என்ன குறைச்சல்?

இன்னொரு சின்னக் காரியம். கர்த்தருடைய பந்தியில் புளித்த திராட்சரசம் வைக்கிற சபை எதுவாகிலும் இருந்தால் புளிக்காததற்கு மாறிக்கொள்ளுங்கள். புதிதாய் விட்டவருக்கு அந்த ஒரு சொட்டின் வாசனையே போதும்.

விட்டவர் நாற்பதாம் நாள் மறுபடி விழுந்துவிட்டால், மேடையிலிருந்து பெயர் சொல்லி ஜெபிக்காதிருங்கள். சாட்சி சொல்லவும் அவசரப்படுத்தாதிருங்கள். ஒரு வருஷம் போகட்டும். இந்த நோயில் விழுந்து எழும்புகிறவர்களே அதிகம், இரண்டாம் தரம் மருத்துவமனைக்குப் போவதும் சிகிச்சையின் பாகம்தான். ஞாயிறன்று அவருடைய இடம் காலியாயிருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு சகோதரர்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். கண்டிக்கப் போகவேண்டாம். டீக்கடையில் நாலு இட்லி கட்டிக்கொண்டு போய், அவரைச் சாப்பிட வைத்து, கூட உட்கார்ந்திருங்கள். கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. பத்து மணிக்கெல்லாம் போய்விடுங்கள்.